சொல்ல வைக்கும் பொறுப்பு

பணியிடத்தில் உடன் வேலை செய்கிறவர்களிடமிருந்து உண்மையான, வேலைக்கு உதவுகிற கருத்தைப் பெறுவது எப்படி என்பதே இந்த உரையின் பொருள். அலுவலகங்களில் ஃபீட்பேக் என்கிறார்கள். பத்திரிகைகளில் பின்னூட்டம் என்று எழுதுகிறார்கள். ஒருவர் செய்யும் வேலையில் உள்ள குறையை, அது முற்றிப்போகும் முன்பே, பக்கத்தில் இருப்பவர் அவரிடமே சொல்வது: அவ்வளவுதான் விஷயம். கேட்க எளிது, நடப்பது அபூர்வம். டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் குறை, மீட்டிங் அறைக்குள் நுழைந்ததும் யாருக்கும் தெரியாததாகிவிடுகிறது.

ஏன் அப்படி? சொல்பவர்களுக்குத் துணிச்சல் போதவில்லை என்பதுதான் நிர்வாகங்கள் வழக்கமாகத் தரும் விடை. கூச்சப்படுகிறார்கள், பயப்படுகிறார்கள், பயிற்சி கொடுத்தால் பேசிவிடுவார்கள் என்கிறார்கள். இந்த விடை சரியா? அதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற துறை ஒன்று இருக்கிறது: விமானத் துறை. மற்ற அலுவலகங்களில் யார் என்ன சொன்னார்கள், யார் சொல்லாமல் விட்டார்கள் என்பது காற்றோடு போய்விடுகிறது. விமானி அறையிலோ ஒவ்வொரு சொல்லும் ஒலிப்பதிவாகிறது. விபத்து நடந்தால் அந்தப் பதிவை எடுத்து, நிபுணர்கள் வரிக்கு வரி கேட்கிறார்கள். மேலதிகாரியும் கீழ்நிலையில் இருப்பவரும் நெருக்கடியில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேறு எந்தத் தொழிலிலும் கிடைக்காது.

1978 டிசம்பர் 28, மாலை நேரம். யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் எண் விமானம், டிசி-8 ரகம், 189 பேருடன் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. தரையிறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கியபோது பலத்த சத்தம் கேட்டது. விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. கேப்டன் 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. அவர் அவசரப்படவில்லை. தரையிறங்குவதைத் தள்ளிப்போட்டு, நகருக்கு அருகே வானில் சுற்றியபடி சக்கரத்தின் நிலையை ஆராய்ந்தார். பயணிகளை அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார் செய்யச் சொன்னார். இப்படியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு மணி நேரமும் எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது.

அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். துணை விமானி ஒருவர், விமானப் பொறியாளர் ஒருவர். எரிபொருள் அளவுமானி அவர்கள் கண்முன்னே இருந்தது. அவர்கள் பேசாமல் இருந்தார்களா? இல்லை, பேசினார்கள். எவ்வளவு மிச்சம் என்று துணை விமானி கேட்டார். பொறியாளர் அளவைச் சொன்னார். இன்னும் 15 நிமிடம் இப்படியே சுற்றினால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்றும் பொறியாளர் சொன்னார். எல்லாம் உண்மை. எல்லாம் மரியாதையான உண்மை. உடனே இறங்காவிட்டால் விமானம் விழுந்துவிடும் என்ற ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நேரத்தோடு யாரும் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமான நிலையத்துக்குச் சுமார் ஆறு மைல் முன்னால், மரங்கள் நிறைந்த குடியிருப்புப் பகுதியில் விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருளைக் கணக்கிட்டுச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பொறியாளரும் அவர்களில் ஒருவர். இத்தனைக்கும் சக்கரம் கீழே இறங்கித்தான் இருந்தது.

விசாரணை வாரியம் இரண்டு குறைகளைச் சேர்த்தே எழுதியது. எரிபொருள் பற்றித் தன் குழுவினர் சொன்னதற்குக் கேப்டன் செவிசாய்க்கவில்லை. குழுவினரும் தங்கள் கவலையைத் தெளிவாகவும் அழுத்தமாகவும் சொல்லவில்லை.

இந்த இரண்டாவது குறை எந்த அலுவலகத்தில் இல்லை? ஒரு திட்டம் குறித்த தேதிக்குள் முடியவே முடியாது என்று இளம் பொறியாளருக்குத் தெரிகிறது. மேனேஜரிடம் போய், “சார், தேதி கொஞ்சம் நெருக்கமா இருக்கோன்னு தோணுது” என்கிறார். “பாத்துக்கலாம்ப்பா” என்கிறார் மேனேஜர். “சரிங்க சார்.” உரையாடல் முடிந்தது. எச்சரித்துவிட்டதாக ஒருவர் நினைக்கிறார். எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று மற்றவர் நினைக்கிறார். மூன்று மாதம் கழித்துத் திட்டம் கவிழும்போது இருவருமே தங்கள் நினைவின்படி உண்மையைத்தான் சொல்வார்கள். மரியாதை இங்கே உண்மையை மறைக்கவில்லை. அதன் எடையைக் குறைத்துவிட்டது. அறிவிப்பாக வர வேண்டியது ஐயமாக வருகிறது. ஐயத்துக்குப் பதில் சொல்ல யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

அப்படியானால் இளையவர்களுக்கு அழுத்தமாகப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு மங்களூர் விபத்து சான்று. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்க முயன்றது. குன்றின் உச்சியைச் சமன்படுத்தி அமைத்த ஓடுதளம் அது, தாண்டினால் பள்ளம். விமானம் இறங்க வேண்டிய உயரத்தைவிட மிக மேலே வந்துகொண்டிருந்தது. தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே எழும்பும்படி துணை விமானி சொன்னார். ஒருமுறை இல்லை, மூன்று முறை சொன்னார். பூசி மெழுகவில்லை, ஐயமாகக் கேட்கவில்லை, தொழில்முறைச் சொல்லாலேயே சொன்னார். கேப்டன் தொடர்ந்து இறங்கினார். 8,033 அடி நீள ஓடுதளத்தில் ஏறத்தாழ 5,200 அடியைத் தாண்டித்தான் சக்கரங்கள் தரையைத் தொட்டன. விமானம் பள்ளத்தில் பாய்ந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். பயணத்தின்போது கேப்டன் நீண்ட நேரம் தூங்கியிருந்தார் என்பதையும் விசாரணை பதிவு செய்தது.

போர்ட்லேண்டில் உண்மை மெலிந்த குரலில் சொல்லப்பட்டது. மங்களூரில் உரத்த குரலில் சொல்லப்பட்டது. இரண்டு இடத்திலும் அது போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் பொதுவானது எது? முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர் அதை ஏற்று வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. எனவே தொடங்க வேண்டிய இடம் அதுதான். நேர்மையான கருத்து வருவதும் வராமல் போவதும் கீழே இருப்பவரின் துணிச்சலைவிட மேலே இருப்பவரின் நடத்தையையே அதிகம் பொறுத்திருக்கிறது. சொல்வது மற்றவர் வேலை என்றால், சொல்ல வைப்பது தலைமையின் வேலை.

விமானத் துறை இதைப் புரிந்துகொண்டு நடந்தது. போர்ட்லேண்ட் விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1979இல், நாசா இது பற்றிக் கருத்தரங்கு கூட்டியது. விபத்துகளுக்குக் காரணம் விமானம் ஓட்டத் தெரியாமை அன்று, விமானி அறைக்குள் ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாமை என்ற எண்ணம் அங்கே உருப்பெற்றது. 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு இதற்கென முழுப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் உலகெங்கும் இது கட்டாயமானது. இந்தப் பயிற்சியில் இளையவருக்குப் படிப்படியாகக் குரலை உயர்த்தக் கற்றுக்கொடுக்கிறார்கள்: முதலில் கேள்வி, பிறகு எச்சரிக்கை, பிறகு நேரடி மறுப்பு, கடைசியில் கட்டுப்பாட்டைக் கையில் எடுப்பது. ஆனால் அதற்கு இணையான பங்கு கேப்டனுக்கும் உண்டு. புறப்படும் முன்பே, தான் கவனிக்கத் தவறியது எதையாவது பார்த்தால் உடனே சொல்லும்படி கேப்டன் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். பறக்கும்போது முடிவுகளை உரக்க விளக்க வேண்டும். மற்றவர்களின் கருத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பலன் உண்டா? 1989 ஜூலை 19 அன்று யுனைடெட்டின் 232ஆம் விமானத்தில் வால்பகுதி எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பப் பயன்படும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றும் செயலிழந்தன. அப்படி ஒரு நிலைக்கு எந்தக் கையேட்டிலும் வழிமுறை இல்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் தன் குழுவிடம் யோசனை கேட்டார். பயணியாக அமர்ந்திருந்த விமானிப் பயிற்சியாளர் ஒருவரையும் அழைத்து எஞ்சின் விசைகளை அவர் கையில் கொடுத்தார். நால்வரும் விடாமல் பேசிக்கொண்டே சூ சிட்டி விமான நிலையத்தை அடைந்தார்கள். விமானம் தரையில் மோதிச் சிதறியது. 112 பேர் இறந்தார்கள். ஒருவர்கூடத் தப்புவார் என்று எதிர்பார்க்க முடியாத விபத்தில் 184 பேர் பிழைத்தார்கள். இந்தப் பயிற்சிக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று ஹெய்ன்ஸ் பின்னர் மேடைகளில் சொன்னார்.

தமிழ் மரபுக்கு இந்தக் கருத்து புதிதன்று. திருக்குறளின் 45ஆம் அதிகாரம், தவறு கண்டால் கடிந்து சொல்லக்கூடிய பெரியவர்களைத் துணையாகக் கொள்வது பற்றியது. அப்படிப்பட்டவர்கள் இல்லாத அரசன், கெடுப்பதற்குப் பகைவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறார் வள்ளுவர். அந்த அதிகாரம் யாருக்குச் சொல்லப்பட்டது? கடிந்து பேசும் பெரியவர்களுக்கு இல்லை. பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லப்பட்டது. அத்தகையவர்களைத் தேடிச் சேர்த்துக்கொள்வது அவன் கடமை.

இனி, கேட்பவர் யார் என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலான நிறுவனங்கள் சறுக்குகின்றன. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் விமானம் வாஷிங்டனுக்கு வெளியே ஒரு மலையில் மோதி, அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால், அந்த மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் உண்மையைச் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. எச்சரிக்கை அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் ஏற்பாடு வேண்டும் என்று அப்போது உணர்ந்தார்கள். ஆனால் விமானிகளின் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் கொண்ட அரசுத் துறையிடமே போய், தவறிவிட்டேன் என்று எந்த விமானி எழுதிக் கொடுப்பார்? எனவே 1976 முதல் அந்த அறிக்கைகளைப் பெறும் வேலை நாசாவிடம் தரப்பட்டது. நாசாவால் யாரையும் தண்டிக்க முடியாது. அது எழுதியவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் அனுப்புகிறது. தானாக முன்வந்து எழுதியவருக்கு, வேண்டுமென்றே செய்யாத தவறுகளில், தண்டனையிலிருந்து பாதுகாப்பும் உண்டு. இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்துவிட்டன.

அலுவலகத்துக்கும் இதே பாடம்தான். சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் அதே மேஜையில், அதே நாளில், அதே நபர் “என்னைப் பற்றி மனம்விட்டுச் சொல்லுங்கள்” என்று கேட்டால் மனம்விட்டு யார் சொல்வார்? ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அப்ரைசலில் கிடைக்கும் கருத்து பெரும்பாலும் வெறும் சடங்காக முடிவது இதனால்தான். மதிப்பீடு வேறு, கருத்துக் கேட்பது வேறு. இரண்டுக்கும் இடையே சில வாரங்களாவது இடைவெளி வேண்டும். முடிந்தால் கேட்பவரும் வேறாக இருக்க வேண்டும். பெயர் எழுதாமல் போடும் பெட்டி தொடக்கத்தில் உதவும். அதையே நிரந்தர வழியாக்குவது சரியில்லை. பெயரில்லாத சீட்டிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியாது. அதைவிட மோசமாக, சீட்டை எடுத்து வாசித்ததும் கையெழுத்து யாருடையது என்று தேடத் தொடங்குகிற மேலதிகாரிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கேட்கும் விதம் அடுத்தது. “யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” மீட்டிங் முடியும் நேரத்தில், எல்லோரும் நோட்டை மூடிக்கொண்டிருக்கும்போது எழும் கேள்வி இது. “இல்ல சார், எல்லாம் நல்லா இருக்கு” என்பதுதான் இதற்கான பதில். வேறு பதில் வர வழியே இல்லை. கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும். “இந்த அறிக்கையில ஒரு பக்கத்தைத் தூக்கணும்னா எதைத் தூக்குவீங்க?” “நேத்து அந்த வாடிக்கையாளர்கிட்ட நான் பேசினதுல எந்த இடத்துல அவர் முகம் மாறுச்சு?” இவை விடை சொல்லக்கூடிய கேள்விகள். குறை இருக்கிறதா என்று கேட்காமல், குறை இருப்பதை ஏற்றுக்கொண்டு அது எங்கே என்று கேட்கின்றன. குறை சொல்வது துடுக்குத்தனம் என்ற பாரம் பதில் சொல்பவர் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. உளவியலாளர் கேரி க்ளைன் வகுத்த முறை ஒன்று இதையே பெரிய அளவில் செய்கிறது. திட்டம் தொடங்கும் முன்பே, அது முழுமையாகத் தோற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளும்படி குழுவிடம் சொல்கிறார்கள். ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுகிறார்கள். திட்டத்தைக் குறை சொல்வது அப்போது எதிர்ப்பாக இராமல் கொடுத்த வேலையாகிவிடுகிறது.

யார் முதலில் பேசுவது என்பதும் முக்கியம். மேலதிகாரி தன் கருத்தைச் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கேட்டால், மற்றவர்கள் அவர் கருத்துக்குக் காரணம் தேடிக் கொடுப்பார்கள். ராணுவ நீதிமன்றங்களில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு; இந்திய ராணுவத்திலும் அது விதியாகவே இருக்கிறது. தீர்ப்பு குறித்த கருத்தைப் பதவியில் மிக இளையவரிடமிருந்து தொடங்கி வரிசையாகக் கேட்கிறார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே அடிப்படையாகக் கொண்ட அமைப்பு, நியாயம் வழங்கும் நேரத்தில் மட்டும் வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. எந்த அலுவலக மீட்டிங்கிலும் ஒரு ரூபாய் செலவில்லாமல் இதைச் செய்யலாம்.

சில நேரம், அதிகாரம் மிகுந்தவர் அறையில் இல்லாமல் இருப்பதே நல்லது. பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் தயாரிப்பில் இருக்கும் படத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை சக இயக்குநர்களும் கதாசிரியர்களும் கூடிப் பார்த்து, தயங்காமல் குறை சொல்வார்கள். அந்தக் கூட்டங்களுக்கு வர வேண்டாம் என்று, நிறுவனத்தின் உரிமையாளரான ஸ்டீவ் ஜாப்ஸிடமே அதன் தலைவர் எட் கேட்மல் கேட்டுக்கொண்டார். ஜாப்ஸ் வாய்திறந்தால் மற்றவர்கள் வாய் மூடிவிடும் என்பது கேட்மலுக்குத் தெரியும். ஜாப்ஸும் ஒப்புக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்கு இன்னொரு விதியும் உண்டு: அங்கே சொல்லப்படும் எதையும் இயக்குநர் ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறையைக் காட்டுவது கூட்டத்தின் வேலை. தீர்வு காண்பது இயக்குநரின் வேலை. ஏற்கக் கட்டாயம் இல்லாததால் அவர் தற்காப்பில் இறங்கத் தேவையில்லாமல் கேட்க முடிகிறது.

இத்தனை செய்து, ஒருவர் கடைசியில் ஒரு குறையைச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த சில நொடிகள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அறையில் இருக்கும் மற்ற அனைவரும் அந்தக் குறையைக் கவனிப்பதில்லை. மேலதிகாரியின் முகத்தைக் கவனிக்கிறார்கள். முகம் இறுகியதா? “யார் சொன்னது?” என்ற கேள்வி வந்ததா? “அதுக்குக் காரணம் என்னன்னா...” என்று விளக்கம் தொடங்கியதா? விளக்கம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த நொடியில் அது வாதாகத்தான் கேட்கும். வாதில் மேலதிகாரியை வெல்ல யாரும் வரவில்லை. அதே நபர் அடுத்தமுறை “எல்லாம் நல்லா இருக்கு” என்பார்; பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் அப்படியே சொல்வார்கள். ஆகவே முதலில் எழுதிக்கொள்வது, புரியாத இடத்தை மட்டும் கேட்பது, நன்றி சொல்வது, எப்போது பதில் வரும் என்று சொல்வது. டொயோட்டா ஆலைகளில் தொழிலாளி குறை கண்டதும் இழுப்பதற்கு ஒரு கயிறு இருக்கிறது. இழுத்தால் ‘ஆண்டான்’ என்ற எச்சரிக்கை விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடிவருவார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் தயாரிப்பு வரிசையே நிற்கும். சென்னையைச் சுற்றியுள்ள வாகன ஆலைகளிலும் ஆண்டான் விளக்கு பழக்கமானதுதான். ஓடிவரும் தலைவர் என்ன முகத்தோடு வருகிறார் என்பதில் இருக்கிறது அந்த விளக்கின் உயிர். முறைத்துக்கொண்டு வந்தால், குறையுள்ள வண்டி அமைதியாக அடுத்த நிலையத்துக்குப் போய்விடும்.

பதில் வர வேண்டும் என்பது பலர் மறந்துவிடும் பகுதி. சொன்ன யோசனை ஏற்கப்பட்டால், யார் சொன்னதால் மாறியது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஏற்கப்படாவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று சொன்னவரிடம் தனியே சொல்ல வேண்டும். மறுக்கப்பட்டதை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டதைத் தாங்க மாட்டார்கள்.

சொல்கிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் விட்டுவிட முடியாது. ஆவ்ரகாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் வேலையை மேம்படுத்துகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் அது வேலையைக் கெடுத்திருக்கிறது. கவனம் வேலையிலிருந்து விலகி ஆளின் மீது திரும்பத் திரும்பப் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். “உனக்குப் பொறுப்பே இல்ல” என்றால் கேட்பவர் தன் மானத்தைக் காப்பாற்றப் போய்விடுவார். வேலை அங்கேயே கிடக்கும். “செவ்வாய்க்கிழமை அனுப்பின பில்லுல வரி எண் விட்டுப்போச்சு, அதனால பணம் வர்றது தள்ளிப்போகுது” என்றால் திருத்த ஒரு பொருள் கையில் கிடைக்கிறது. எப்போது, எங்கே, என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது. இந்த நான்கும் இருந்தால் கடுமையான குறையையும் மரியாதை குறையாமல் சொல்லிவிடலாம்.

இந்த முயற்சிகளால் பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புகார்கள் குறைந்தால் நல்லது நடக்கிறது என்று நிர்வாகம் நினைக்கும். அந்தக் கணக்கு தலைகீழானது. 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளின் வார்டுகளில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் எதிராக இருந்தன: நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. மேலும் ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. அந்த வார்டுகளில் செவிலியர்கள் தவறை மறைக்கவில்லை; உடனே சொன்னார்கள், கூடிப் பேசினார்கள். மற்ற வார்டுகளில் அது ஏட்டில் ஏறவே இல்லை. சொன்னால் தண்டனையோ அவமானமோ வராது என்ற அந்தச் சூழலைத்தான் அவர் பின்னர் உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் விரிவாக எழுதினார். முயற்சி தொடங்கிய முதல் ஆண்டில் குறைகள் கூடுவதாகத் தெரிந்தால் அஞ்சத் தேவையில்லை. முன்பும் அவை இருந்தன. இப்போதுதான் காதுக்கு வருகின்றன.

மருத்துவமனையிலிருந்தே இன்னொரு பாடமும் உண்டு, இது எச்சரிக்கை. 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன்பு அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது அதில் ஒரு படி. சடங்கு போலத் தெரியும். ஆனால் ஒருமுறை தன் குரலை அந்த அறையில் கேட்டுவிட்ட செவிலியர், பிறகு ஆபத்தைக் கண்டால் பேசத் தயங்குவது குறைகிறது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அதே பட்டியலைக் கொண்டுவந்தார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. மேலிருந்து உத்தரவாக வந்த காகிதத்தில் டிக் அடிப்பதும், அறைக்குள் உண்மையில் பேசிக்கொள்வதும் ஒன்றல்ல என்பது அவர்களில் பலர் சொல்லும் காரணம். படிவம் அச்சடித்தால் பின்னூட்டம் வந்துவிடும் என்று நம்பும் நிறுவனங்கள் அந்த 101 மருத்துவமனைகளை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மிச்சம் இருப்பது இரண்டு தருணங்கள். ஒன்று, புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மாதம். பழையவர்களின் கண்ணுக்குப் பழகிப்போன குளறுபடிகள் அவருக்குத்தான் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் அவருக்கும் பழகிவிடும். அதற்குள் கேட்டுவிட வேண்டும். முன்பு வேலை செய்த இடத்தில் இதைவிட எளிதாகச் செய்தது எது என்பது அவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி. மற்றொன்று, வேலையை விட்டுப் போகிறவரின் கடைசி நாள். எச்.ஆர். அலுவலர் எதிரில் உட்கார வைத்து, ஏன் போகிறீர்கள், எது பிடிக்கவில்லை, எதை மாற்றியிருந்தால் இருந்திருப்பீர்கள் என்று கேட்கிறார். அவரும் இழப்பதற்கு ஒன்றுமில்லாததால் உண்மையைச் சொல்கிறார். அந்த உண்மையால் அவருக்குப் பயனில்லை. கோப்பில் போய்ச் சேர்கிறது. அதே கேள்விகளை, போகும் எண்ணம் இல்லாதவர்களிடம், ஆண்டுக்கு இரண்டு முறை, தேநீரோடு உட்கார்ந்து கேட்கும் வழக்கம் பல நிறுவனங்களில் வந்திருக்கிறது. எதை மாற்றினால் நீங்கள் இங்கேயே இருப்பீர்கள் என்று கேட்டு, சொன்னதில் ஒன்றையாவது அடுத்த மாதத்துக்குள் மாற்றிக் காட்டினால், மறுமுறை கேட்கும்போது பதில் நீளமாக வரும்.